மீன்கொத்திக்கு வைத்த ஜாடி

ஒரு வெயில்காலம் முழுக்க மணிமுத்தாற்றங்கரையில் உட்கார்ந்து பறவை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என் மருமகள் நம்ப மாட்டேன் என்கிறாள். "நீங்களா அத்த? மொட்ட மாடியில காக்கா வந்து நின்னாலே கல்ல எடுப்பீங்களே" என்கிறாள். வாஸ்தவம்தான். எனக்குப் பறவைகள் மேல் ஆசை அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார், போனேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அந்த வருஷம் யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அது அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் செராமிக் தொழில் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊர் எல்லையில் வரிசையாக ஷெட்டுகள், ஷெட்டுக்கு ஒரு சூளை, சூளைக்கு ஒரு புகைபோக்கி. ஜங்ஷனில் நிற்கும் கரி என்ஜின் புகை ஒரு பக்கம், சூளைப் புகை இன்னொரு பக்கம். வெள்ளைப் புடவை காயப்போட்டால் சாயங்காலம் எடுக்கும்போது வேறு நிறமாக இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு ஜாடிக் கூடத்தில் வேலை செய்தார். களிமண் கூழை அச்சில் ஊற்றி, ஊறுகாய் ஜாடி எடுப்பார்கள். காய்ந்ததைக் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கிச் சூளையில் அடுக்குவார்கள். அதிகம் பேசாத மனுஷர். கேட்ட கேள்விக்கே பதில் வராது, கேட்காத கேள்விக்கு எங்கே வரப் போகிறது!

ஐப்பசி மழையில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெண். முறைப்படி கருவேப்பிலங்குறிச்சியில் என் அம்மா வீட்டில் பிறந்திருக்க வேண்டும். அடைமழையில் பஸ் ஓடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து அம்மாவே டவுனுக்கு வந்து என்னோடு இருந்தாள். பிள்ளைக்குப் பேர் வைப்பதற்குள் காய்ச்சல் கண்டது. போய்விட்டது.

பல் முளைக்காத பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் தனியாகவே ஆற்றுப் பக்கம் போனார். கூட வருகிறேன் என்றவர்களை வேண்டாம் என்றுவிட்டார். திரும்பி வந்தபோது முழங்கை வரை களிமண். அது எனக்குப் புதிதில்லை, வேலை முடிந்து தினமும் அப்படித்தான் வருவார். வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க வச்சீங்க?" என்று படுத்த இடத்திலிருந்தே கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் குறுக்கே வந்துவிட்டார். "சொல்லாத. பெத்தவளுக்கு எடத்தச் சொல்லக் கூடாது. சொன்னா அவ காலு அங்கியேதான் போவும். அடுத்தது தங்காது." அதோடு விடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, அதை மகன் கையால் அடித்து அணைக்கச் சொல்லி, இடத்தை வாயால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். இது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மாகூட "அத்த சொல்றது சரிதான்" என்றுதான் சொன்னாள். மாமியாரைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர் அவர்தான்.

பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். வீடு முழுக்க மல்லிகை வாசனை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அழுதுடுடி, அழுதா எறங்கிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதுவும் ஏறியிருந்தால்தானே இறங்குவதற்கு? எனக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. சோறு தின்றேன், உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. காலில் வெந்நீர் கொட்டியது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையை எங்கே வைத்தார் என்று தெரிய வேண்டும். மாட்டுக்குக்கூடத் தான் போட்ட கன்று எங்கே நிற்கிறது என்று தெரியும். எனக்குத் தெரியவில்லை.

சாடையாகக் கேட்டேன், நேராகக் கேட்டேன், சோறு போட மாட்டேன் என்று மிரட்டியும் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கல்லுளிமங்கன்! ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எங்களுக்குள் பேசுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. தை பிறந்ததும், ஊருக்குத் திரும்பியிருந்த என் அம்மா ஆள் அனுப்பினாள், வந்து என்னோடு இரு என்று. போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர், காலைக்கூடக் கழுவாமல், "வா, ஆத்தங்கரைக்குப் போயிட்டு வரலாம். பறவையெல்லாம் வந்திருக்குதாம், பாக்கலாம்" என்றார்.

பறவையாம்! கோழியையும் காக்கையையும் தவிர வேறு எதையும் அந்த மனுஷர் நின்று பார்த்ததில்லை. மாமியார் கொஞ்சம் யோசித்தார். "காத்தாட நடந்துட்டு வரட்டும். ஆனா சுடுகாட்டுப் பக்கம் மட்டும் கூட்டிக்கினு போவாத" என்றார். "போவ மாட்டேன்" என்றார் இவர்.

ஷெட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஆற்றுக்கு ஒரு வண்டித்தடம் போகும். சூளைகளுக்கு மண் வெட்டுகிற பள்ளத்துக்குப் போடப்பட்ட தடம் அது. கரையில் ஒரு புங்கமரத்துக்குப் பக்கத்தில் அது ஒற்றையடிப் பாதைகளோடு சேரும். ஒன்று படித்துறைக்கு இறங்கும். இன்னொன்று சுடுகாட்டுக்குப் போகும். புண்ணியத்தில் 'காசிக்கு வீசம் கூட' என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அஸ்தி கரைக்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள், அதனால் அந்தப் பாதையில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

புங்கமரத்து நிழலில் உட்காரலாம் என்று பார்த்தால், அவர் நிழலைத் தாண்டிப் போய், கரையோரம் ஒரு மேட்டில் துண்டை விரித்து, "இங்க ஒக்காரு" என்றார். எதிர்வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஆற்றில் எதையாவது பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். "கீழ படித்தொறப் பாதையில ஒக்காந்தா எல்லாம் பக்கத்துல தெரியுமேங்க" என்றேன். "இல்ல, இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்" என்றார். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். உடம்பு இன்னும் தேறாததால் காலை மடக்கினால் குடைச்சல் எடுக்கும். அவர் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, முளைத்திருந்த கருவேலங்கன்றுகளைக் குனிந்து குனிந்து பிடுங்கிப் போட்டார்.

அதற்கப்புறம் பெரும்பாலும் தினமும் போனோம். தினமும் அதே மேடு, அதே எதிர்வெயில். நடுவில் ஒரு நாள் நான் எரிச்சலாகிப் போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வந்து பக்கத்தில் நின்று, "அங்க வந்து ஒக்காரேன்" என்று கெஞ்சினார். ஒன்றைப் பிடித்தால் குரங்குப் பிடிதான் அவருக்கு. எழுந்து போனேன்.

பறவைப் பேர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. நீர்க்காகத்தைக் காட்டி, "தோ பாரு, கருப்புக் கொக்கு" என்பார். வெள்ளாற்றங்கரைக் காட்டில் வளர்ந்தவள் நான், எனக்கு நாலு பேர் தெரியும். மடையான், உள்ளான், கரிச்சான் என்று சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். மறுநாளும் தப்பாகவே சொல்வார். ஆற்றில் தண்ணீர் சுருங்கி மணல் தெரியத் தொடங்கியதும் ஆள்காட்டிகள் வந்தன. முட்டை ஒரு பக்கம் கிடக்கும், பறவை இன்னொரு பக்கம் போய் நின்று கத்தும். நம்மை அங்கே இழுத்துக்கொண்டு போய் ஏமாற்றுவதற்காக. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்ப்பதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. சாயங்காலம் கழிந்தது, அவ்வளவுதான்.

உண்மையில் நான் பறவையைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுகாட்டுப் பாதையை அவர் பார்க்கிறாரா, எந்தத் திருப்பத்தில் பார்வை நிற்கிறது என்று. பிள்ளை அந்தப் பாதையில்தான் எங்கோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. "அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடக்கலாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அங்க என்னா இருக்குது, ஒண்ணுமில்ல" என்றார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "புள்ளய மண்ணுல போட்டுட்டு, புருஷனும் பொண்டாட்டியும் சோடி போட்டுக்கினு குருவி பாக்கப் போறாங்க." ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் மீன்கொத்தி ஜோடி ஒன்று வந்தது. பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, சிவந்த பெரிய அலகு. பறக்கும்போதுதான் இறக்கையின் நீலம் தெரியும். மண் வெட்டுகிறவர்கள், மேட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்த பள்ளத்தின் ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரிச் செங்குத்தாக விட்டிருந்தார்கள். அதில் மாறி மாறிப் பறந்து வந்து அலகால் குத்திப் பொந்து போட்டன. கொஞ்ச நாளில் ஒன்று உள்ளேயே இருந்தது. அப்புறம் இரண்டும் வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வந்து வந்து போயின. மீன், வெட்டுக்கிளி, ஒரு தடவை ஓணான்குட்டி. பொந்துக்குள்ளிருந்து கரகரவென்று ஓயாமல் ஒரு இரைச்சல் கேட்டது.

ஒரு நாள் என்னையறியாமல் சொன்னேன்: "பொந்து வாய் ஒடைஞ்சிக்கினே வருதுங்க. உள்ள குஞ்சு இருக்குது. மேல ரெண்டு ஆடு ஏறினா மண்ணு சரிஞ்சிடும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நானாக வாயைத் திறந்து ஒன்றைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன் என்பது அவர் பார்த்த பார்வையில்தான் எனக்கே தெரிந்தது. "அப்படியா சொல்ற?" என்றார். பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சில நாள் அவர் வேலையிலிருந்து நேரம் கழித்தே வந்தார். பிறகு ஒரு சாயங்காலம் சாக்குத் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையில் பிரித்துக் காட்டினார். ஊறுகாய் ஜாடி, சின்னது. அடி இல்லை. ஈரமாக இருக்கும்போதே கம்பியால் அடியை அறுத்து எடுத்துவிட்டுச் சுட்டிருக்கிறார். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, உள்ளும் புறமும் கிளேஸ் போட்டு முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது.

"இதப் பொந்து வாயில சொருகிட்டா ஒடையாது பாரு. எத்தினி ஆடு ஏறினாலும் ஒண்ணும் ஆவாது."

"குருவிக்கு எதுக்குங்க இவ்ளோ பளபளப்பு?"

"பின்ன? கிளேஸ் போடாம ஒரு சாமான வெளிய குடுக்கறதா?" என்றார். அவர்கள் கூடத்தில் அப்படித்தான். கிளேஸ் ஏறாத ஜாடி வாசலைத் தாண்டாது. கல்யாணமானதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

மீன்கொத்திகள் இரை தேடிப் போயிருந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் இறங்கி, ஜாடியைப் பொந்துக்குள் திருகித் திருகிச் செருகினார். சுற்றிலும் ஈரக் களிமண்ணை அப்பிக் கட்டைவிரலால் வழித்துவிட்டார். கைதேர்ந்த வேலை. மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீன்கொத்தி மீனோடு வந்தது. நேராகப் பொந்து வாய்க்கு வந்து ஜாடி விளிம்பில் கால் வைத்தது. வழுக்கியது. இறக்கையை அடித்துக்கொண்டு விலகி, ஆற்றில் நட்டிருந்த கழியில் போய் உட்கார்ந்தது. மறுபடி வந்தது. மறுபடி வழுக்கியது. மண்ணில் நகம் ஊன்றும், கிளேஸில் எப்படி ஊன்றும்? உள்ளே குஞ்சுகள் தாய் வந்ததைத் தெரிந்துகொண்டு இன்னும் பலமாகக் கத்தின. அது மீனை விடாமல் கவ்விக்கொண்டு கழிக்கும் பொந்துக்குமாக அலைந்தது. இன்னொன்றும் வந்து சேர்ந்தது. அதுவும் வழுக்கியது.

"பழகிடும்" என்றார் அவர். குரலில் தெம்பு இல்லை.

குஞ்சு இருக்கிற இடம் அதற்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, போக முடியவில்லை. "எடுங்க! அத எடுத்துப் போடுங்க!" என்று கத்தினேன். அது என் குரல் மாதிரியே இல்லை. "ஐயோ, சீக்கிரம் எடுங்களேன்!"

அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். இழுத்தார், வரவில்லை. அவர் அப்பிய மண் அப்படிப் பிடித்திருந்தது. கல்லை எடுத்து ஜாடியை உடைத்தார். ஓடு கையைக் கிழித்தது. கடைசித் துண்டைப் பிடுங்கியபோது மேலேயிருந்து மண் பொலபொலவென்று சரிந்து பொந்தை மூடிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி, கடைசியில் அதுவும் இல்லை. குஞ்சுகளின் சத்தம் நின்றுபோனது.

அவர் இரண்டு கையாலும் மண்ணை வாரினார். வாரிக்கொண்டே அழுதார். பிள்ளை போன அன்றைக்குக்கூட அழாத மனுஷர், வாய்விட்டு அழுதார். "மறுபடியும் என் கையாலியே மண்ணத் தள்ளி மூடிட்டனே, மறுபடியும் என் கையாலியே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நடந்தது எனக்கு மட்டும் நடந்ததில்லை, அவருக்கும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பெற்றேன், அவர் புதைத்தார். அந்த மழையில் ஒற்றை ஆளாக நின்று எப்படிக் குழி வெட்டினார், எப்படி அந்த முகத்தில் மண்ணைப் போட்டார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். அவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு நானும் மண்ணை வாரினேன். கொஞ்சம் உள்ளே போனதும் விரல் சட்டென்று வெற்றிடத்தில் நுழைந்தது. உள்ளேயிருந்து கரகர சத்தம் மெதுவாக வந்தது, பிறகு பலமாக வந்தது. வாயை அகலப்படுத்திவிட்டு, உடைந்த ஓடுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு மேலே ஏறினோம். பக்கத்தில் ஆள் நின்றால் மீன்கொத்தி வராது.

பழைய மேட்டுக்கே வந்தோம். நான் எப்போதும்போலக் காலை நீட்டி உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரும் உட்கார்ந்தார். அவர் கையில் ரத்தம் நிற்கவில்லை. முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். கட்டிக்கொண்டே, கோபமில்லாமல் கேட்டேன்: "எங்க வச்சீங்க?"

அவர் எழுந்து போகவில்லை. கட்டு போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடத்த வாயால சொல்ல மாட்டேன்னு சூடத்துமேல சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். பிறகு, "வந்த நாள்லேர்ந்து ஒன்ன வேற எங்கியாவது ஒக்கார வெச்சனா?" என்றார்.

எதிர்வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பிடுங்கிப் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருந்த மண்ணைப் பார்த்தேன். அதில் ஒரு முள்கூட இல்லை. இத்தனை நாளும் நான் காலை நீட்டியிருந்தது அதன் மேல்தான். கீழே, பள்ளத்துப் பக்கம், குஞ்சுகளின் இரைச்சல் அடங்கியிருந்தது. தாய் உள்ளே போயிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

நான் காலை மடக்கிக்கொண்டேன். குடைச்சல் எடுத்தது. நன்றாகவே எடுத்தது.

"எடத்தத்தானே சொல்லக் கூடாது. தல எந்தப் பக்கம்னு சொல்லலாமில்ல? அதுக்கு ஒண்ணும் சத்தியம் இல்லியே" என்றேன்.

"மழையில தெசயெல்லாம் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு, கட்டு போட்ட கையால் காட்டினார்.

நான் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.